விடயம்: பந்தடிப் பொடியன்களுக்குப் பாராட்டு விழா – நிதி கோருதல்

அனுப்பியவர்: செயலாளர், ஊர்க் கிளை

அன்பான ஊர் உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

நம்ம பள்ளிக்கூடத்து 20 வயதுக்குட்பட்ட உதைபந்தாட்ட அணி இம்முறை கோட்டம், வலயம், மாவட்டம் எல்லாம் தாண்டி மாகாணச் சம்பியனாக வந்ததும், தேசிய மட்டத்தில் கால் இறுதி வரை போய்ப் பெனால்டியில் தோற்றதும் நீங்கள் அறிந்ததே. மாகாணம் வரை ஒரு போட்டியிலும் தோற்கவில்லை. வட்ஸ்அப்பில் படம் வந்தபோது நீங்கள் எல்லோரும் போட்ட கைதட்டலை ஒவ்வொன்றாக எண்ணினேன். நூற்றுப் பதினாறு.

அந்தக் கைதட்டல் காசாக வேண்டிய நேரம் இது. கடந்த ஞாயிறு நடந்த கூட்டத்தில், பள்ளிக்கூட விடுமுறைக்கு முன் பிள்ளைகளுக்கு ஒரு பெரிய பாராட்டு விழா செய்வது என்று தீர்மானித்தோம். சந்தியில் இருந்து பறைமேளத்துடன் ஊர்வலம் வரும். மைதானத்தில் மேடை, பந்தல், லைற். விளையாடிய 20 பேருக்கும், பழக்கிய சேருக்கும் பொன்னாடையும் கேடயமும். பிரதம விருந்தினர்கள் மூவர். இரவுக்கு இசைக்குழு. 600 பேருக்குச் சாப்பாடு. படங்களோடு சிறப்பு மலர் 300 பிரதி. மொத்தச் செலவு 975,000 ரூபாய் என்று மதிப்பிட்டிருக்கிறோம். இங்கே ஒன்றரை இலட்சம் சேரும். மீதியை வெளிநாட்டுக் கிளைகள் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இசைக்குழுவுக்கு முற்பணம் கேட்கிறார்கள். ஆகவே பதில் தாமதிக்க வேண்டாம்.


அனுப்பியவர்: பொருளாளர், சூரிச்

செயலாளருக்கு வணக்கம். பிள்ளைகளுக்கு வாழ்த்துகள். இனிக் கணக்குக்கு வருகிறேன்.

மைதானத்துக் கிணற்றுக்கும் மோட்டருக்கும் என்று 2019இல் நாங்கள் அனுப்பிய பணத்தின் இறுதிக் கணக்கு இன்னும் எனக்கு வரவில்லை. இதை நான் ஏழு மடலில் கேட்டுவிட்டேன். கடைசியாக வந்த பதில், “மோட்டர் திருத்தக் கொடுத்திருக்கிறோம்” என்பது. அது 2021. அந்த மோட்டர் இன்னமும் திருந்தவில்லையா?

அடுத்தது, 975,000 என்று ஒரு தொகை போட்டிருக்கிறீர்கள். பந்தலுக்கு எவ்வளவு, பாட்டுக்கு எவ்வளவு, பந்து அடித்தவனுக்கு எவ்வளவு? நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 20 கேடயமும் 20 பொன்னாடையும் எவ்வளவு கூட்டிப் போட்டாலும் ஒரு இலட்சத்தைத் தாண்டாது. ஆக, பிள்ளைகளின் பெயரில் சேர்க்கிற பணத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுதான் பிள்ளைகளுக்குப் போகிறது.

2023 ஜனவரியில் பீஃபா இலங்கையை உதைபந்தாட்டத்தில் இருந்தே தடை செய்தது. ஓகஸ்ட் மாதம்தான் தடை நீங்கியது. பிள்ளைகள் நன்றாக விளையாடாததாலா தடை வந்தது? நிர்வாகத்துக்குள் வெளியார் கை வைத்ததால் வந்தது. ஆடுகிறவன் ஒழுங்காகத்தான் ஆடுகிறான். கந்தோரில் இருக்கிறவர்கள் ஒழுங்காக இருந்தால் போதும்.

சிட்டை வராமல் சூரிச்சில் இருந்து ஒரு பிராங்கும் வராது. கோபிக்க வேண்டாம்.


அனுப்பியவர்: பூவரசடியார், லண்டன்

தம்பி பொருளாளர் அவர்களே, உம்முடைய மடலைப் படித்தேன். சாவு வீட்டுக்குப் போனாலும் சாம்பிராணிக்குச் சிட்டை கேட்கிற ஆள் நீர். சின்ன வயதில் கோயில் கணக்குப் பார்க்கிற வண்ணக்கருக்குப் பின்னால் திரிந்த பழக்கம் விடவில்லை.

மட்டக்களப்பு வாவிக்கு அந்தப் பக்கம், எழுவான்கரையில் ஒரு பள்ளிக்கூடம் போன வருடம் மாவட்டத்தில் இரண்டாவதாக வந்ததற்கே பாண்ட் வாத்தியத்தோடு றோட்டை மறித்து ஊர்வலம் போனார்கள். இரண்டாவது! நாங்கள் மாகாணத்தில் முதலாவது. அவர்கள் பாலத்தைக் கடந்து வந்து நம்ம ஊரைப் பார்க்கும்போது, பொடியன்கள் பாணும் சம்பலும் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போனார்கள் என்று கேள்விப்பட வேண்டுமா?

1976இல் நான் தலைவனாக இருந்து விளையாடினேன். அப்போது மைதானமும் இல்லை. வெள்ளாமை வெட்டிய வயலில்தான் பந்தடி. அரிதாள் காலைக் கிழிக்கும். இரத்தம் வடிந்தால் மண்ணை அள்ளித் தேய்த்துவிட்டு ஓடுவோம். சப்பாத்து என்றால் பள்ளிக்கூடப் பெரியவர் காலில் பார்த்ததுதான். இன்றைக்கு அவர்கள் ஓடுகிற மைதானத்தை யார் தந்தது என்று ஊரில் கேட்டால் சொல்வார்கள். எங்கள் அப்பா. எழுதிக் கொடுத்த உறுதி என்னிடம் இருக்கிறது. அதில் நிற்கிற கோல் கம்பத்தை யார் போட்டது? 2011இல் நான்.

நம்ம ஆட்களுக்கு வெற்றியைக் கொண்டாடுவது புதிதல்ல. கண்ணகி அம்மன் பேரில் ஊர் இரண்டு சேரியாகப் பிரிந்து கொம்பை இழுத்து முறிக்கிற கொம்புமுறியில் வடசேரி வென்றால் வடசேரியார் ஆடி வருவார்கள், தென்சேரி வென்றால் தென்சேரியார். அப்போது ஒருவரும் மற்றவரிடம் சிட்டை கேட்கவில்லை. இந்தப் பிள்ளைகள் கண்ணகி அம்மன் கோயில் வாசலில் தேங்காய் உடைத்து, மாலையோடு ஊரைச் சுற்றி வர வேண்டும். ஆயிரம் பவுண் நான் தருகிறேன். ஊர்வலம் நடக்க வேண்டும். இசைக்குழு மட்டக்களப்பு டவுனில் இருந்து வர வேண்டும், பக்கத்து ஊர்க்காரன் கூட்டம் வேண்டாம். அவர்களுடைய மேளம் என் தங்கையின் கலியாணத்தில் செய்த வேலை எனக்கு மறக்காது.


அனுப்பியவர்: துறையடிச் சின்னவர், மெல்பேர்ண்

சண்டையை விடுங்கோ. அண்ணன் அரிதாள் என்று எழுதியதைப் படித்ததும் என் கணுக்கால் அரிக்கத் தொடங்கிவிட்டது.

மண்முனைத் துறையில் பாதை, அதுதான் ஆட்களை ஏற்றி வாவியைக் கடக்கிற மிதவை, ஓடிய காலம் யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? இப்போது உள்ள பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். 2014இல் பாலம் திறந்த பிறகு மூன்று நிமிடத்தில் அக்கரை. எங்களுடைய காலத்தில் டவுனில் மேட்ச் என்றால் விடியச் சாமம் எழும்ப வேண்டும். பாதையில் முதல் நடைக்கு நின்றால்தான் நேரத்துக்குப் போகலாம். ஒரு முறை காற்றுக்குப் பாதை ஓடவில்லை. பதினொரு பேரும் இரண்டு தோணியில் ஏறினோம். நடு வாவியில் பந்து கை தவறித் தண்ணீரில் விழுந்தது. தோணிக்காரர் அதைத் துடுப்பால் இழுக்கப் போய்த் தோணி சரிந்து, எல்லோரும் நனைந்து, ஈரக் காற்சட்டையோடு வெபர் மைதானத்தில் இறங்கி விளையாடினோம். எத்தனை கோல் வாங்கினோம் என்பதைச் சொல்லமாட்டேன்.

வெபர் அடிகளாரை நான் கிட்ட நின்று பார்த்தவன். வெள்ளை அங்கியோடு மைதானத்து ஓரத்தில் நிற்பார். அமெரிக்காவில் இருந்து வந்த யேசு சபைத் துறவி, நம்ம ஊர்ப் பொடியன்களைப் பந்து பிடிக்கவும் ஓடவும் பழக்கியே வயது போனவர். நனைந்து போய் நின்ற எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு, “நீந்தி வந்தீங்களா?” என்று தமிழில் கேட்டார். மேட்ச் முடிய ஆளுக்கு ஒரு தோடம்பழம்.

நான் 500 டொலர் போடுகிறேன், அவுஸ்திரேலிய டொலர். எதற்கு என்று நீங்கள் முடிவு செய்யுங்கோ. சாப்பாட்டில் தயிர் இருக்கட்டும். முட்டியில் உறைந்த எருமைத் தயிர், பிளாஸ்ரிக் கோப்பையில் வருகிறது இல்லை.


அனுப்பியவர்: செயலாளர், ஊர்க் கிளை

மோட்டர் விடயம் எனக்கு முந்திய நிர்வாகம் செய்தது. அதை என் தலையில் கட்ட வேண்டாம். நான் சம்பளத்துக்கு வேலை செய்யவில்லை. வயலையும் பார்த்துக்கொண்டு, உங்களுக்கு இரவு பன்னிரண்டு மணிக்கு மடலும் எழுதுகிறேன். வேண்டுமானால் சூரிச்சில் இருந்து யாராவது வந்து செயலாளராக இருக்கட்டும். சாவி மேசையில் இருக்கிறது.


அனுப்பியவர்: தபாற்கந்தோர் வீட்டு அக்கா, ஸ்காபுறோ

நான் இந்த மடற்குழுவில் வாழ்த்துக்கும் அஞ்சலிக்கும் தவிர வேறு எதற்கும் எழுதுவதில்லை. அம்மாவின் 31ஆம் நாளுக்குப் போய் மூன்று கிழமை ஊரில் நின்றுவிட்டுப் போன வெள்ளிதான் திரும்பினேன். கண்ட ஒன்றைச் சொல்லாவிட்டால் நித்திரை வராது.

பின்னேரம் நாலு மணிக்கு மைதானப் பக்கம் விசில் கேட்கும். அம்மாவின் உடுப்பெல்லாம் பிரித்துக் கொடுத்து முடித்த ஒரு நாள், வீட்டில் இருக்க ஏலாமல் அந்தப் பக்கம் நடந்து போனேன். மாடுகள் ஒரு பக்கம், பொடியன்கள் ஒரு பக்கம். கோலுக்குக் கட்டியிருந்தது வாவியில் கிழிந்த மீன் வலை. கோல் காக்கிற பொடியனின் தகப்பன் தோணித் தொழில் செய்கிறவர். கம்பத்தடியில் குந்தியிருந்து, வலை ஊசியால் ஓட்டை பின்னிக்கொண்டு இருந்தார். மகன் அடி வாங்கி விழுகிற சத்தம் கேட்டால் நிமிர்ந்து பார்ப்பார். திரும்பவும் பின்னுவார்.

அதல்ல நான் சொல்ல வந்தது. இரண்டு கம்பத்துக்கும் வெளியே, ஒவ்வொரு பக்கமும் இரண்டடி தள்ளி, ஒவ்வொரு பூவரசங்கம்பு நட்டிருந்தார்கள். வலது பக்கத்துக் கம்பு தளிர்த்தும் இருந்தது. “இதென்ன மனே, ஆடு கட்டவா?” என்று கேட்டேன். கோல் காக்கிற பொடியன் சிரித்தான். “அதுதான் மாமி உண்மையான கோல். இந்தக் கம்பம் சின்னன்.”

எனக்கு விளங்கவில்லை. சேர் வந்து விளக்கினார். கோல் என்றால் உலகம் முழுக்க ஒரே அளவுதான், 24 அடி அகலம், 8 அடி உயரம். நம்ம மைதானத்தில் நிற்கிறது 24 இல்லை. முதல் நாள் இருந்தே அப்படித்தான். இந்தப் பொடியன்கள் ஆறாம் வகுப்பில் இருந்து அந்தச் சின்னக் கோலில்தான் பழகினார்கள். வெளி மைதானத்துக்குப் போனால் கோல் காக்கிறவனுக்கு அளவு பிழைக்கும் என்று சேர் அந்தக் கம்புகளை நட்டாராம். மாடு பிடுங்கும், அவர் திரும்ப நடுவார்.

நான் தையல்காரி. கைப்பையில் அளவு நாடா எப்போதும் இருக்கும். 60 அங்குலம், அதாவது 5 அடி. கம்பத்தில் இருந்து கம்பத்துக்குப் போட்டேன். நாலு தரம் போட, நாடா சரியாக முடிந்தது. 20 அடி. ஒரு விரல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

கொழும்பில் பெனால்டியில் தோற்றதைப் பற்றி அந்தப் பொடியனிடம் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. கொஞ்ச நேரம் கையுறையின் நூலைப் பிய்த்துக்கொண்டு நின்றான். “கடைசி ரெண்டு அடியும் கம்பத்தோட ஒட்டிப் போச்சு மாமி. நான் விட்டுட்டன். நம்மட கம்பமெண்டா அது வெளியால போற பந்து” என்றான்.

லண்டன் மச்சான் கோபிக்க வேண்டாம். அந்தக் குறுக்குக் கம்பத்தில் நீல எழுத்தில் “பூவரசடிப் போடியார் நினைவாக – 2011” என்று இருக்கிறது. எழுத்து மட்டும் நல்ல பெரிது.

இன்னொன்றும் இருக்கிறது. மறுநாள் சேர் வீட்டுக்குப் போனேன். பெனால்டி வரை போன செலவெல்லாம் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறார். பொருளாளர் தம்பிக்காகவே பார்த்து எழுதி வந்தேன். கொழும்புக்கு பஸ் 135,000. எல்லாப் போட்டிக்கும் சேர்த்துச் சாப்பாடு 62,400. பழைய சப்பாத்துகள் 48,000. கைகால் முறிவு, பிளாஸ்ரர், மருந்து 7,850. அடையாளப் படம், படிவம் 4,200. பாணுக்கும் வாழைப்பழத்துக்கும் கூடத் திகதி போட்டிருக்கிறது. கூட்டினால் 257,450. வந்தது: அபிவிருத்திச் சங்கம் 60,000, பழைய மாணவர்கள் 25,000, ஊரில் உண்டியல் குலுக்கியது 41,500. ஆக 126,500. மீதி 130,950.

அந்த மீதி எங்கே இருந்து வந்தது என்று கேட்பதற்கு முன், கொப்பியின் கடைசித் தாளில் இருந்து அடகுச் சிட்டை ஒன்று நழுவி விழுந்தது. ஒன்றரைப் பவுண் சங்கிலி, 130,000. அந்த நேரம் பார்த்து அவருடைய பெண்சாதி தேத்தண்ணி கொண்டு வந்தார். நான் கழுத்தைப் பார்த்ததை அவர் பார்த்துவிட்டார். சீலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டு, “சீனி காணுமா அக்கா?” என்று கேட்டார்.

ஒருவருக்கும் சொல்ல வேண்டாம் என்றார் சேர். சொல்லிவிட்டேன். என் வாய் உங்களுக்குத் தெரியும்.

இப்போது சொல்லுங்கள், அந்தக் கழுத்தை வைத்துக்கொண்டு அந்த மனுசியை மேடையில் கூப்பிட்டுக் குத்துவிளக்கு ஏற்றச் சொல்வீர்களா? இசைக்குழுக்காரனுக்கு முற்பணம் கொடுக்க முதல் அந்தச் சங்கிலியை மீட்கிற வழியைப் பாருங்கள்.


அனுப்பியவர்: பொருளாளர், சூரிச்

அக்கா, ஒரு சின்னக் கேள்வி. பற்றாக்குறை 130,950. அடகு 130,000. மிச்சம் 950 ரூபாய் எங்கே இருந்து வந்தது?


அனுப்பியவர்: தபாற்கந்தோர் வீட்டு அக்கா, ஸ்காபுறோ

அவருடைய சேட்டுப் பையில் இருந்து. உனக்கு அது ஒன்றுதான் கண்ணில் பட்டதா?


அனுப்பியவர்: வாசிகசாலையடித் தம்பி, ஒஸ்லோ

அக்காவின் மடலை இரண்டு தரம் வாசித்தேன். சங்கிலியை மீட்க வேண்டும், அதில் இரண்டு பேச்சில்லை. என் பங்கு நாளைக்கே வரும்.

ஆனால் மேடை வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

1990இல் நானும் இந்தப் பள்ளிக்கூடத்துக்குக் கோல் காத்தவன். இதைப் பற்றி இந்த மடற்குழுவில் ஒருவரும் எழுதியதில்லை. 2008இல் வந்த மலரில் 1976 அணியின் படம் முழுப் பக்கத்தில் வந்தது. நல்லது. எங்கள் அணியைப் பற்றி ஒரு வரி இல்லை. நாங்கள் அரை இறுதி வென்றோம். இறுதிப் போட்டி ஜூன் மாதம் டவுனில் என்று சொன்னார்கள். எனக்குச் சப்பாத்து இல்லை என்று மாமா பழைய ஒரு சோடியைத் தைத்துத் தந்தார். ஜூன் 11 சண்டை தொடங்கியது. பிறகு போட்டி இல்லை, பள்ளிக்கூடம் இல்லை, ஊரும் இல்லை. அந்த வருடம் ஓகஸ்டில் ஹேபர் அடிகளாரும் வாழைச்சேனையில் இருந்து டவுனுக்குத் திரும்புகிற வழியில் காணாமல் போனார். கூடைப்பந்து பழக்கிய மனுசன். அவரையே யாரும் கண்டுபிடிக்கவில்லை, எங்களை யார் தேடுவது?

எங்கள் பதினொரு பேரில் இன்று உயிரோடு இருக்கிறது ஐந்து பேர். எங்களுக்கு ஒரு கேடயம் இல்லை. ஒரு படம் இல்லை. என் மகன் இங்கே கழகத்தில் விளையாடுகிறான். அவன் அறை முழுக்கக் கிண்ணம். “அப்பா, நீங்கள் விளையாடிய படம் எங்கே?” என்று ஒரு நாள் கேட்டான். நான் தேத்தண்ணி ஊற்றப் போனேன்.

ஆகவே அந்த 20 பொடியன்களையும் மேடையில் ஏற்றுங்கள். ஒவ்வொருத்தனுடைய பெயரையும் முழுப் பெயராக, தகப்பன் பெயரோடு வாசியுங்கள். நல்ல கமராக்காரனைப் பிடித்து ஒரு படம் எடுங்கள், பின்னால் பெயரை எழுதுங்கள். அடுத்த வருடம் இவர்களில் பாதிப் பேர் கட்டாரிலும் டுபாயிலும் இருப்பார்கள். அதற்கு இசைக்குழு தேவையில்லை, பிரதம விருந்தினர் மூன்று பேரும் தேவையில்லை. காலைக் கூட்டத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் முன்னால் செய்தால் போதும். அந்தச் சின்னதுகள் பார்க்க வேண்டும்.

கம்பத்தைப் பற்றி: இங்கே சின்னப் பிள்ளைகள் ஏழு பேராக விளையாடும்போது 5 மீற்றர் அகலம், 2 மீற்றர் உயரமான சின்னக் கோல்தான் வைப்போம். சின்னக் கோல் குற்றமில்லை. வளர்ந்தவனுக்கு அதை வைத்ததுதான் குற்றம். ஒரு நன்மையும் நடந்திருக்கிறது. 20 அடிக்குள் அடித்துப் பழகியதால்தான் நம்ம முன்வரிசைக்காரன்களுக்குக் குறி தப்புவதில்லை. மாகாணத்தில் அவர்கள் போட்ட கோல்களை வீடியோவில் பாருங்கள், கம்பத்துக்கு உள்ளே அகலமாக இடம் விட்டு அடிக்கிறார்கள். கோல் காக்கிறவனுக்குத்தான் அது வினையாகப் போனது. நான் கோல் காத்தவன். அந்தப் பிள்ளையின் இரண்டடி என்ன என்று எனக்குத் தெரியும்.


அனுப்பியவர்: பொருளாளர், சூரிச்

நேற்று இரவு பழைய கோப்புகளை எடுத்தேன். 2011ஆம் ஆண்டுக் கோல் கம்பச் சிட்டை என்னிடம் இருக்கிறது. நான் எதையும் எறிகிறதில்லை என்று வீட்டில் ஏச்சு வாங்குவது இன்றைக்காவது உதவட்டும்.

சிட்டையில் உள்ளது: 20 அடி இரும்புக் குழாய் 4. ஒட்டுக்கூலி, பெயின்ற், எழுத்துக்கூலி, லொறிக்கூலி. எல்லாம் சரி. கூட்டல் சரி. மேல்வரவும் சரி.

இப்போது பாருங்கள். ஒரு கோலுக்குக் குறுக்குக் கம்பம் 24 அடி, நிற்கிற கம்பம் இரண்டும் 16 அடி, நிலத்தில் புதைக்க இரண்டடி வீதம் 4 அடி. மொத்தம் 44. இரண்டு கோலுக்கு 88 அடி. வாங்கியது 80 அடி. குறைந்தது 8 அடி, கோலுக்கு 4 அடி. அக்காவின் நாடா சொன்ன அதே 4 அடி. குழாய் கடையில் 20 அடி நீளத்தில்தான் வரும். ஐந்தாவது குழாய் வாங்கி ஒட்டுப் போட்டால்தான் 24 வரும். ஒட்டுக்காரர் அந்தக் கரைச்சலுக்குப் போகவில்லை. ஒரு குழாயை முழுதாக மேலே வைத்துவிட்டார். மற்றதைப் பாதியாக வெட்டி இரண்டு கால் ஆக்கிவிட்டார். பார்க்க அழகாகத்தான் இருந்திருக்கும்.

ஒருவரும் காசு எடுக்கவில்லை. இதை நான் தெளிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் முதலில் எனக்கு வேறு விதமாகத்தான் எண்ணம் போனது. லண்டன் அண்ணன் கொடுத்தது முழுவதும் கம்பத்துக்குத்தான் போயிருக்கிறது.

சிட்டையின் அடியில் “பரிசீலிக்கப்பட்டது” என்று கையெழுத்து இருக்கிறது. என்னுடையது. இத்தனை வருடமாக அந்தக் கணக்கு சதம் பிசகாமல் என்னிடம் இருந்தது. கம்பத்தை ஒருவரும் அளக்கவில்லை.

மோட்டர்க் கணக்கைப் பிறகு கேட்கிறேன். விடமாட்டேன். ஆனால் இப்போதைக்கு 130,950 ரூபாயும் அடகு வட்டியும் இன்று பின்னேரம் சூரிச்சில் இருந்து போகிறது. சங்கக் காசு அல்ல, என் காசு. சிட்டை தேவையில்லை.


அனுப்பியவர்: செயலாளர், ஊர்க் கிளை

இசைக்குழுவை நிற்பாட்டிவிட்டேன். முற்பணம் கொடுக்கவில்லை, பயப்பட வேண்டாம். விழா காலைக் கூட்டத்தில், பிறகு பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் மத்தியானச் சோறு. தயிர் முட்டியில்தான், மெல்பேர்ண் அண்ணன். ஒட்டுக்காரரிடம் கேட்டேன், புதிய கோல் இரண்டுக்கும் ஐந்து குழாய். நாடாவைக் கையோடு கொண்டுபோய் நான் நின்று பார்ப்பேன். வலைக்குக் காசு வேண்டாம் என்று அந்தத் தகப்பன் சொல்கிறார். நூல் மட்டும் வாங்கித் தந்தால் புது வலை தானே பின்னித் தருவாராம். என்ன கண் அளவு என்று கேட்கிறார். ஒஸ்லோத் தம்பி, உதைபந்துக் கோல் வலைக்கு எத்தனை அங்குலக் கண்? அவருக்கு மீன் அளவுதான் தெரியும்.

லண்டன் அண்ணன் மூன்று நாளாக மௌனம். ஊர்வலம் சந்தியில் இருந்து இல்லாவிட்டாலும், கோயில் வாசலில் இருந்து பள்ளிக்கூடம் வரை ஒன்று வைக்கலாம் என்று நினைக்கிறோம். பறைமேளம் நம்ம ஊர் ஆட்களே அடிப்பார்கள்.


அனுப்பியவர்: வாசிகசாலையடித் தம்பி, ஒஸ்லோ

நாலு முதல் ஐந்து அங்குலம் காணும். பந்து நுழையக் கூடாது, அவ்வளவுதான். நூலுக்கு நான்.


அனுப்பியவர்: பூவரசடியார், லண்டன்

எல்லா மடலையும் வாசித்தேன். பதில் எழுத மூன்று நாள் எடுத்தது.

1978 நவம்பர் 23 சூறாவளிக்கு முன் அந்த நிலம் எங்கள் தென்னந்தோட்டம். ஒரே இரவில் மரமெல்லாம் அடியோடு விழுந்தது. அப்பா அதற்குப் பிறகுதான் பள்ளிக்கூடத்துக்கு எழுதிக் கொடுத்தார். தென்னை நின்றிருந்தால் கொடுத்திருப்பாரா என்று யாரோ ஒருவர் பின்னுக்குக் கதைத்தது எனக்குத் தெரியும். எழுதாமல் விட்டீர்களே, அதற்கு நன்றி. கொடுத்திருக்கமாட்டார். ஆனால் விழுந்த மரத்தை வெட்டி அகற்றி, குழி நிரப்பி, கால் புதையாமல் மட்டம் பார்த்துத்தான் கொடுத்தார். அப்போது நான் கயிறு பிடித்தேன்.

கம்பம் போட்ட அன்று நான் ஊருக்குப் போகவில்லை. படம் அனுப்பினார்கள். பெயர் தெரிகிறதா என்று மட்டும் பார்த்தேன்.

ஆயிரம் பவுண் என்று சொன்னது அப்படியே இருக்கிறது. அதில் ஐந்து குழாய்க்கும் ஒட்டுக்கூலிக்கும் எடுத்து, மீதியைப் பிள்ளைகளுக்குச் சப்பாத்துக்குக் கொடுங்கள். புதுச் சப்பாத்து. பழைய கம்பத்தைப் பழைய இரும்புக்குப் போட வேண்டாம். ஒஸ்லோத் தம்பி சொன்னபடி சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு பக்கமாக நட்டுவிடுங்கள்.

மேலே உள்ள பெயரை மட்டும் சுரண்டிவிடுங்கள். புதிய கம்பத்திலும் எழுத வேண்டாம். அந்தக் கோல் காக்கிற பிள்ளையிடம் நான் கேட்டதாகச் சொல்லுங்கள்.


அனுப்பியவர்: பொருளாளர், சூரிச்

பெயரைச் சுரண்ட ஒரு ஆள், அரை நாள் கூலி. வெள்ளைப் பெயின்ற் ஒரு டின். இது பழைய கம்பச் செலவில் வருமா, புதிய கம்பச் செலவில் வருமா என்று செயலாளர் அறியத் தரவும்.